பெயர் கூப்பிடும் நாள்

காலையிலிருந்து வீடு முழுக்கப் பெயிண்ட் வாசனை. பொங்கலுக்குள் வீட்டைப் புதுப்பித்துவிட வேண்டும் என்று மகன் சொல்லிவிட்டான். நீங்கள் இருந்த இலங்கை அகதிகள் முகாமிலிருந்து இரண்டு பேர் வந்து வேலை செய்கிறார்கள். கூடத்தில் நீங்கள் அடித்த பச்சைச் சுவரை உப்புத்தாளால் தேய்த்தபோது தூள் பறந்து என் மூக்குக் கண்ணாடியில் படிந்தது. "அந்த மூலையையும் தேய்ப்பமோ?" என்று ஒருவர் கேட்க, "ஓம், தேய்" என்றார் மற்றவர். உங்கள் வாயில் கேட்டுப் பழகிய அந்த 'ஓம்' என்னை அங்கே உட்காரவிடவில்லை. பின்னறைக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன். உங்களுக்கு மடல் எழுத நான் யார் என்ற ஐயம் வழக்கம்போல வந்தது. வந்தால் வரட்டும்.

உங்கள் பெயரை இதில் எழுதப்போவதில்லை. அது நான் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பழகிய பெயர். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, மாதந்தோறும் ஒரே தேதியில் வருவாய் ஆய்வாளரோடு முகாமுக்கு வருவேன். நீங்கள் எல்லாரும் அதைச் செக்கிங் என்பீர்கள். வேப்பமரத்தடியில் மேசை போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். நான் நின்றுகொண்டு கூப்பிடுவேன்: பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண். பெயருக்குரியவர் நேரில் வந்து கையைத் தூக்க வேண்டும். எந்த ஊரில் வேலை செய்தாலும் அன்றைக்கு முகாமுக்கு வந்தாக வேண்டும். என் குரலோ மெலிந்தது, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காது. "ஐயா, கொஞ்சம் சத்தமாக் கூப்பிடுங்கோ. இல்லாட்டி நாங்கள் கடல் தாண்டித் திரும்பிப் போட்டம் எண்டு எழுதிப்போடுவியள்" என்று கூட்டத்திலிருந்து கேலி செய்தவர் நீங்கள்தான். ஆய்வாளரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த மாதத்திலிருந்து நான் அடிவயிற்றிலிருந்து கூப்பிடப் பழகினேன்.

உங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெயருக்குரியவர் வந்துசேரவில்லை என்றால் அந்தப் பெயரை அநாதையாக நிற்க விடமாட்டீர்கள். பக்கத்து வீட்டார் உடனே குரல் கொடுப்பார்கள்: "வெளியில போட்டார் ஐயா, வந்திடுவார்!" அவர் எங்கே போயிருக்கிறார் என்று குரல் கொடுத்தவருக்கே தெரியாமல் இருக்கும். நான் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் காத்திருப்பேன். பெரும்பாலும் மூச்சிரைக்க வந்துவிடுவார்.

நாம் நண்பர்களானது நான் ஓய்வு பெற்ற பிறகு. தலைமன்னார் ரயில் நிலையத்தில் சிக்னல் பார்த்த நீங்கள், இங்கே வந்து பெயிண்டரானவர். எங்கள் கூடத்துக்கு வர்ணம் அடிக்க வந்த அன்று என் மனைவியிடம் சொன்னீர்கள்: "அக்கா, இந்தப் பச்சை வேண்டாம். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும். ஒங்களுக்கென்ன, நான்ல குடியிருக்கப் போறேன்."

"அதுவும் சரிதான். அடிச்சிட்டுப் போறவனுக்கு என்ன கதை?"

"ஒங்க வீட்டுக்கு என்ன கலர் அடிச்சிருக்கீங்க?"

"அதுக்கு அடிக்கேல்லை, அக்கா. ரெண்டு கிழமையில ஊருக்குப் போயிடுவம் எண்டுதானே வந்தது."

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் உங்கள் மகள் முகாமில் பிறந்து, வளர்ந்து, படித்து, கலியாணமாகிக் கனடாவும் போய்விட்டிருந்தாள். என் மனைவி உள்ளே போய்க் காப்பி போட்டுவந்தாள். அன்றிலிருந்து நான் உங்களுக்கு 'ஐயா' இல்லை, 'அண்ணை'.

ஒருமுறை மீன் வாங்கக் கட்டுமாவடிக்குப் பஸ்ஸில் போனோம். படகுகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றீர்கள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். "இது எனக்குத் தெரிஞ்ச கடல்தான், அண்ணை. இப்ப முதுகுப் பக்கத்தால பார்க்கிறன், அவ்வளவுதான்" என்றீர்கள். திரும்பும் வழியில் மீனைப் பற்றி மட்டுமே பேசினோம்.

உங்கள் மனைவி காலமான பிறகு மகள் உங்களைத் தன்னோடு அழைத்துக்கொண்டாள். முகாமே திரண்டு வழியனுப்பியது. "பெரியவர் கரை சேர்ந்திட்டார்" என்றார்கள். புதுச் சப்பாத்து காலைக் கடிக்க, ஒவ்வொருவரிடமும் நின்று சொல்லிக்கொண்டீர்கள். என்னிடம் வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பெட்டியின் எடை சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

முதலில் அடிக்கடி பேசினீர்கள். "இஞ்ச சுவரும் வெள்ளை, வெளியும் வெள்ளை. வீடு எதில முடியுது எண்டே தெரியேல்லை" என்று போனைத் திருப்பிப் பனியைக் காட்டிச் சிரித்தீர்கள். பிறகு பேச்சு சுருங்கியது. "நல்லா இருக்கிறன், வைக்கட்டோ?" என்ற அளவுக்கு வந்து, அதுவும் நின்றது. தொந்தரவு செய்கிறோமோ என்று நானும் கூப்பிடாமல் இருந்தேன்.

ஒருநாள் உங்கள் மகள் அழைத்தாள். "மாமா, அப்பா ஒருத்தரோடயும் கதைக்கிறார் இல்லை. சாப்பாடும் இல்லை. கட்டிலிலயே சுவரைப் பார்த்தபடி கிடக்கிறார். இது மனச்சோர்வு, புது நாட்டில வந்து குடியேறுற வயசானவைக்கு வாறதுதான் எண்டு டாக்டர் மருந்து குடுத்திருக்கிறா. ஆனா ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை. மாசத்தில ஒருநாள் மட்டும் விடிய எழும்பி, முகம் கழுவி, ஷர்ட் போட்டு, வாசல் கதவடியில கதிரை போட்டு இருக்கிறார். பின்னேரம் வரைக்கும் இருக்கிறார். ஏன் எண்டு கேட்டா பதில் இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு, மாமா."

எந்த நாள் என்று கேட்டேன். அவள் சொன்னாள். அது செக்கிங் நாள். சின்ன வயதிலேயே படிக்க விடுதிக்குப் போய்விட்ட அவளுக்கு அது நினைவில்லை.

அடுத்த செக்கிங் நாள் வரும்வரை எனக்குள் ஒரே வாதம். படித்த டாக்டர் பார்க்கிறார், இதில் ஓய்வு பெற்ற எழுத்தர் தலையிடலாமா? ஏதாவது செய்யப்போய் உள்ளதும் கெட்டுவிட்டால்? என் மனைவிதான் அலுத்துப்போய்ச் சொன்னாள்: "ஏங்க, இத்தன வருசமா ஒங்க கொரலுக்குத்தானே கையத் தூக்குனாரு. அங்கிட்டு இருந்தா என்ன, இங்கிட்டு இருந்தா என்ன? கூப்பிடுங்க."

அன்று எங்களுக்கு மாலை, உங்களுக்கு விடியல். மகள் போனை உங்கள் காதருகே பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி அந்தக் குரல் எனக்கு வராது. பெயர், தகப்பனார் பெயர், முகாம் வீட்டு எண் என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னீர்கள்: "இருக்கிறன், ஐயா."

மகள் அழுவது கேட்டது. நான் என்ன பேசுவதென்று தெரியாமல், சாப்பிட்டீர்களா என்றேன். "அண்ணை, என்ர பேரை வெட்டிப்போட்டினமோ?" என்று கேட்டீர்கள்.

நாட்டைவிட்டுப் போனவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடுவது முறை. அது உங்களுக்கும் தெரியும். பொய் சொல்ல எனக்கு வராது, உண்மையைச் சொல்லத் துணிவில்லை. பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல வெட்டிட்டாங்க. நான் வெட்டல" என்றேன்.

நீங்கள் சிரித்த மாதிரி இருந்தது. "எங்கட தலையை எண்ணினவை எண்டு அவையள்ல எனக்கு எவ்வளவு கோவம், அண்ணை. இஞ்ச எண்ண ஒருத்தரும் இல்லை" என்றீர்கள். பிறகு மகளிடம் தேத்தண்ணி கேட்டீர்கள்.

அதன்பின் ஒவ்வொரு செக்கிங் நாளும் நான் கூப்பிட்டேன், நீங்கள் இருக்கிறேன் என்றீர்கள். என் குரல் உங்களைக் குணப்படுத்தியது என்று நினைக்கும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. மருந்து இருந்தது, மகள் இருந்தாள், பக்கத்துத் தெருவில் சீட்டாடக் கிடைத்த வல்வெட்டித்துறைக்காரர் இருந்தார். நல்ல மாதமும் வந்தது, படுக்கையைவிட்டு எழாத மாதமும் வந்தது. ஒருநாள் மகள் ஒரு படம் அனுப்பினாள். உங்கள் அறையின் ஒரு சுவர் பச்சையாக இருந்தது. எங்கள் கூடத்துப் பச்சை. நீங்களே அடித்திருந்தீர்கள். என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி மாதிரிதான் இருக்கு" என்றாள். அதை அப்படியே உங்களிடம் சொன்னேன். "அக்காவிட்டச் சொல்லுங்கோ, குடியிருக்கிறவன் நான்" என்றீர்கள்.

போன மழைக்காலத்தில் உங்கள் இதயம் நின்றது. தூக்கத்திலேயே போய்விட்டதாக மகள் சொன்னாள்.

செக்கிங் நாள் மட்டும் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கிறது. இன்றும் அதுதான். காலையில் தொடங்கிய இந்த மடலைப் பாதியில் வைத்துவிட்டு, மாலையில் பின்னறைக் கதவருகே எழுந்து நின்றேன். கூடத்தில் ஆள் இருக்கிறார்கள், கிழவனுக்குப் பைத்தியம் என்பார்களோ என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் கூப்பிட்டேன். உங்கள் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண்.

கூடத்தில் உப்புத்தாள் சத்தம் நின்றது. சட்டென்று ஒரு குரல் வந்தது: "வெளியில போட்டார் ஐயா, வந்திடுவார்!"

சொன்ன பிறகுதான் நீங்கள் இல்லை என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கையில் உப்புத்தாளோடு வாசலில் வந்து நின்று, "மன்னிக்கோணும் ஐயா, பழக்கத்தில வாய் வந்திட்டுது" என்றார். பரவாயில்லை என்றேன். கூடத்துச் சுவருக்கு என்ன கலர் என்று கேட்டார். அதே பச்சை என்றேன். இதில் மட்டும் எனக்கு ஐயம் வரவில்லை.

அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன். இப்போதெல்லாம் என்னிடம் கூப்பிட ஒரே பெயர்தான். அதனால் அவசரமில்லை. புள்ளி வைத்துக் காத்திருக்கிறேன்.