உடுத்தாத சட்டைக்குக் கிடைத்த விருது

அனுப்புநர்:
இவ்வாண்டின் சிறந்த மூலக்கதை விருதுக்கு அறிவிக்கப்பட்டுள்ள கதாசிரியர்
(பெயரும் முகவரியும் தங்கள் கோப்பில் உள்ளன)

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
திரைப்பட விருதுத் தேர்வுக் குழு

பொருள்: எனக்கு அறிவிக்கப்பட்ட விருதை ரத்து செய்யவும், விழா மேடையில் சட்டைக் காட்சியைத் திரையிடாதிருக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் கதை திருட்டுக் கதை என்று நானே அளித்த சென்ற மாத மனு.
2. அதை நிராகரித்துத் தாங்கள் அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். விருதுக்குரிய கதையை ஒரு வெளிநாட்டுப் படத்திலிருந்து எடுத்தேன் என்றும், படத்தின் பெயர் நினைவில்லை என்றும் என் முதல் மனுவில் தெரிவித்திருந்தேன். குழு உறுப்பினர்கள் ஐவரும் மூன்று வாரம் தேடியும் அப்படியொரு படம் அகப்படவில்லை என்றும், என் தன்னடக்கத்தைக் குழு பாராட்டுகிறது என்றும் தாங்கள் பதில் அனுப்பினீர்கள். அது தன்னடக்கம் அல்ல ஐயா, பொய். இம்மனுவில் இருப்பது உண்மை. இதைத் தங்களோடு நிறுத்திக்கொள்ளுமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. இருபத்திரண்டு ஆண்டுகளில் பத்தொன்பது படங்களுக்குக் கதை எழுதியிருக்கிறேன். அவற்றில் பதினெட்டு, பிற நாட்டார் எழுதியவை. வேலைமுறை எளிது. ஒரு வாடகை வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, இயக்குநர் மெத்தையில் படுத்துக்கொள்ள, நாங்கள் நால்வர் தரையில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பட டிஸ்க் பார்ப்போம். பனி பெய்தால் மழை என்று எழுதிக்கொள்வேன். அங்கே பூனை காணாமல் போனால் இங்கே தங்கை காணாமல் போவாள். மாலைக்குள் கதை தயார். இதற்குக் கதை விவாதம் என்று பெயர். விவாதம் பெரும்பாலும் சாப்பாடு எங்கிருந்து வரவழைப்பது என்பதைப் பற்றியது.

3. திரையுலகில் எனக்குக் 'கார்பன்' என்று பட்டப்பெயர். சிறியவர்கள் மரியாதையாகக் 'கார்பன் அண்ணே' என்பார்கள். வெட்கப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. முகம் தெரியாத வெளிநாட்டான் வீட்டில் திருடினால் நம் தெருவில் யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை. தங்கள் குழுவே ஆறு ஆண்டுகளுக்கு முன் என் படம் ஒன்றை 'மண்ணின் மணம் கமழும் படைப்பு' என்று பாராட்டிச் சான்றிதழ் அளித்தது. அதன் மூலப்படத்தில் ஆண்டுக்கு ஒன்பது மாதம் மண்ணே கண்ணில் படாது, பனிதான். இவ்வாண்டு இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற பதினாறு படங்களில் ஒன்பதின் மூலப்படங்கள் என் அலமாரியில் இருக்கின்றன. கேட்டால் பட்டியல் தருகிறேன். கேட்கமாட்டீர்கள் என்பதும் தெரியும். அது இம்மனுவின் பொருளும் அல்ல.

4. பொருள், பத்தொன்பதாவது படம். கணவன் விட்டுப்போன பெண் ஒருத்தி, அவன் விட்டுச்சென்ற சட்டைகளை முறை வைத்துத் துவைத்துப் பால்கனியில் காயப்போடுகிறாள், ஆள் இருக்கிற வீடு என்று அக்கம்பக்கம் நம்புவதற்காக. 'எந்தத் திரையிலும் இதுவரை காணாத கற்பனை' என்று குழு இதைக் குறிப்பிட்டிருக்கிறது. திரையில் காணாதது என்பது சரி. கற்பனை என்பது தவறு. அந்தப் பெண் என் அக்கா.

5. அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை அளந்து சொல்பவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அத்தான் இன்னொரு பெண்ணோடு வாழப் போய்விட்டார். அவருக்கு இரவுப் பணி, பகலெல்லாம் தூங்குகிறார் என்று அக்கா குடியிருப்பில் சொல்லிவைத்தார். திங்களன்று இரண்டு சட்டை, வியாழனன்று இரண்டு சட்டை. ஒருநாள் நான் போயிருந்தபோது துவைத்துக்கொண்டிருந்தார். யாரும் உடுத்தாத சட்டையின் கழுத்துப்பட்டையில் சோப்புப் போட்டு நெடுநேரம் தேய்த்தார். அதில்தான் அழுக்கே இல்லையே என்றேன். அழுக்கு இருக்கிற மாதிரி தேய்த்தால்தான் தனக்கே நம்பிக்கை வருகிறது என்று சொல்லிச் சிரித்தார். பிறகு எனக்குத் தேநீர் கலக்க உள்ளே போனார். அந்த ஐந்து நிமிடத்தில் நான் குறிப்பேட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கழுத்துப்பட்டை உட்பட. தேநீர் வந்ததும் மூடி வைத்துவிட்டு, சர்க்கரை குறைவு என்று குறையும் சொன்னேன்.

6. படம் வெளியானதும் அக்கா, கடையில் உடன் வேலை செய்யும் பெண்களோடு காலைக் காட்சி பார்த்தார். சட்டைக் காட்சியில் பக்கத்து இருக்கைப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பாவம் இல்லையா அந்தப் பொம்பளை என்று அழுதிருக்கிறார். ஆமாம் பாவம்தான் என்று அக்காவும் சொல்லியிருக்கிறார். அன்று மாலை எனக்குப் போன் செய்து, நல்லா எழுதியிருக்கே தம்பி என்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

7. அதோடு நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்றாம் நாள் பத்திரிகையாளர் சந்திப்பு. இது எந்த நாட்டுப் படம் கார்பன் சார் என்று ஒருவர் கேட்க, அரங்கம் சிரித்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக எனக்கு ரோஷம் வந்தது. வரவேண்டிய நாளில் வராத ரோஷம், வரக்கூடாத நாளில் வந்தது. "இது எந்த நாட்டிலயும் இல்ல. என் கூடப் பிறந்தவங்க வீட்டுல என் கண்ணால பார்த்தது" என்றேன். கைதட்டினார்கள். எனக்குக் கூடப் பிறந்தவர் ஒருவர்தான் என்பது அக்காவின் குடியிருப்பில் அனைவருக்கும் தெரியும். கதாசிரியரின் அக்கா என்றுதான் அவரை அங்கே அறிமுகப்படுத்துவார்கள்.

8. இப்போதைய நிலை. இரண்டாம் மாடி அம்மாள் நாள் தவறாமல் அத்தானின் உடல்நலத்தை விசாரிக்கிறார். விசாரிக்கும்போது பார்வை மட்டும் கொடியின் மேல். கண்ணை அளக்க வருகிறவர்கள் அக்காவை அளந்துவிட்டுப் போகிறார்கள். ஆனாலும் இன்னும் சந்தேகம்தான், யாருக்கும் உறுதியில்லை. சட்டையைக் காயப்போட்டால் படத்தில் வருகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். போடாவிட்டால், படம் வந்ததும் நிறுத்திவிட்டாள் என்பார்கள். எனவே அக்கா ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனிக் கதவுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறார். இதை நான் பார்த்தேன். இம்முறை எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

9. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். மன்னிப்பு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் சொன்ன வழி இது: "எங்கேயோ வெளிநாட்டுப் படத்துல திருடினதுன்னு சொல்லிடேன் தம்பி. உன்னைப் பத்தி அதைச் சொன்னா யாரும் சந்தேகப்படமாட்டாங்க." கிண்டலாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துச் சொன்னார். என் தொழில் வாழ்வைப் பற்றி இத்தனை சரியான விமர்சனத்தை எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை. அதன்படியே முதல் மனுவை எழுதினேன். பதினெட்டு முறை திருடியபோது அசல் என்று நம்பிய குழு, திருடினேன் என்று நானே வந்து சொன்னபோது நம்ப மறுத்தது.

10. தாங்கள் பொய் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிறரிடமிருந்து எடுத்தாளப்பட்ட கதை மூலக்கதைப் பிரிவில் தகுதியற்றது என்கிறது தங்கள் விதி நான்கு. அந்தப் பிறர் வெளிநாட்டாராக இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை, அக்காவும் பிறர்தான். 'கதை சொந்தமானதல்ல என்று தெரியவந்ததால் விருது ரத்து செய்யப்படுகிறது' என்ற ஒரு வரி போதும். யாரிடமிருந்து என்று சொல்ல வேண்டாம். மற்றதை ஊரே முடித்துக்கொள்ளும். கார்பன் பழைய கார்பன்தான், அக்கா வீட்டில் பார்த்தேன் என்று அளந்ததும் பொய்தான் என்பார்கள். கொடியில் தொங்குவது மறுபடியும் வெறும் சட்டையாகிவிடும்.

11. வரும் ஞாயிற்றுக்கிழமை விழாவில், விருதுக்கு முன் அக்காட்சியைத் திரையிடப் போவதாகவும், தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப் போவதாகவும் அறிகிறேன். அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி இருக்கிறது. ஆகவே ரத்து அறிவிப்பு அதற்கு முன் வெளியாக வேண்டும்.

12. விருதை நீரே மறுத்துவிடலாமே, எதற்கு மனு என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மறுத்தால் பெருந்தன்மை என்று எழுதுவார்கள்; அதற்கும் ஒரு கைதட்டு விழும்; அக்கா மீதான சந்தேகம் அப்படியே இருக்கும். இது ஒரு காரணம். இன்னொன்று: விழாவுக்கு வந்து மேடையில் உண்மையை மறைத்து, வெளிநாட்டுப் படத்தில் திருடினேன் என்று சொல்லிவிடுகிறேன் என அக்காவிடம் வாக்குக் கொடுத்துப் பார்த்தேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒத்திகையும் பார்த்தேன். மூன்று முறையும் என் வாயில் வந்தது நன்றியுரைதான். பெயரைச் சொல்லி அழைத்தால் நான் ஏறி வாங்கிக்கொள்வேன் ஐயா. அழைக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்
கதாசிரியர்
(ஒப்பம்)

நாள்: விழாவுக்கு முந்தைய திங்கட்கிழமை
இடம்: என் வீடு