ஹாலில் முப்பத்து மூன்று

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இரண்டு பேரில் ஒருவர் இப்போதுதான் சௌக்கியத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார், அதற்குள் பதறாதே, ஆபத்தெல்லாம் தாண்டியாயிற்று, வரிசையாகச் சொல்கிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். இது அவள் காதுபடச் சொல்ல முடியாத விஷயம்.

முதலில் இந்த வெயிலைத் திட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. காலை ஒன்பது மணிக்கே சுவரில் கை வைக்க முடியவில்லை. ஃபேன் போட்டால் கூரைச் சூட்டை அள்ளி நம் தலையிலேயே கொட்டுகிறது. குழாயைத் திறந்தால் பாத்திரம் கழுவச் சுடவைத்த தண்ணீர் மாதிரி வருகிறது, மத்தியானம் இரண்டு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் கரண்ட் போகிறது. வீட்டுக்காரர் கீழே ஜில்லென்று இருக்கிறார், மாடியில் வேகிறவர்கள் நாங்கள். மொட்டை மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துக்கொள்கிறேன், சுண்ணாம்பும் என்னுடையது, அடிக்கிற கையும் என்னுடையது என்று மூன்று முறை போய்க் கேட்டுவிட்டேன். மனுஷன் அசைகிறாரா? "துணி காயப்போட வந்தா கண்ணு கூசுமே சார்" என்கிறார். சூரியனைப் பார்த்துக் கூசாத கண் சுண்ணாம்பைப் பார்த்தா கூசப்போகிறது? சொன்னால் சிரிக்கிறார். ஏசி வாங்கித் தருகிறேன் என்று நீ மறுபடி ஆரம்பிக்காதே. மிக்சி ஓடினாலே இந்த வீட்டில் விளக்கு மங்குகிறது, ஒயரிங்கில் கைவைக்க அவர் விடவும் மாட்டார், அதைப் பேசிப் பேசி எனக்கு வாய் வலித்துவிட்டது.

ஊரில் எல்லோருக்கும்தான் வெயில், உங்களுக்கு மட்டும் என்ன என்று கேட்பாய். முப்பத்தொரு வருஷம் குளிர்கிடங்கில் கதவுப் பொறுப்பில் இருந்தவன் நான் என்பதை மறந்துவிடாதே. வெளியே ஊர் கொளுத்தும்போது நான் உள்ளே ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுக்கொண்டு மீன் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். வெயில் என்பது எனக்கு பஸ் ஸ்டாப் வரை நடக்கிற தூரம்தான். சாயங்காலம் வந்து உன் கன்னத்தில் கை வைத்தால் நீ வீலென்று கத்திக்கொண்டு ஓடுவாய், தெருவில் எனக்கு ஐஸ்பெட்டி என்றே பெயர் வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ரிட்டயர் ஆன பிறகு பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற முதல் கோடை இது. இந்த உடம்புக்கு வேர்க்கவே தெரியவில்லை. எல்லோருக்கும் சட்டை நனைகிறது, எனக்குத் தலை மட்டும் விண்விண் என்று தெறிக்கிறது, யாரைப் பார்த்தாலும் எரிந்துவிழத் தோன்றுகிறது. முதல் பதினைந்து நாள் உன் அம்மா என்னோடு எப்படிக் குப்பை கொட்டினாள் என்பது அவளுக்கே வெளிச்சம்.

அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை வீட்டில் எடுத்து விட்டேன். கிடங்கில் எங்களுக்கு முதல் பாடமே கதவுதான். அநாவசியமாகத் திறக்காதே, திறந்தால் உடனே சாத்து, இரண்டு கதவை ஒரே நேரத்தில் திறக்கவே திறக்காதே. காலை எட்டு மணிக்கு எல்லா ஜன்னலும் சாத்தியாகவேண்டும், கெட்டித் திரை இழுத்துவிடவேண்டும், சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் திறக்கலாம் என்று சட்டம் போட்டேன். என்னை அனுப்பிவைக்கும்போது கூட வேலை பார்த்தவர்கள் ஒரு வட்ட தெர்மாமீட்டர் கொடுத்தார்களே, அதை ஹாலில் என் நாற்காலிக்கு எதிரே மாட்டினேன். மணிக்கொரு முறை பார்த்து நோட்டில் எழுதினேன். வெளியே நாற்பது, ஹாலில் முப்பத்து மூன்று! ஏழு டிகிரி, மெஷின் இல்லாமல், கரண்ட் இல்லாமல்! ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் உன்னிடம் பீற்றிக்கொண்டேன், நீயும் "சூப்பர் பா, நீங்க சொல்றதைத்தான் இங்க டாக்டருங்களும் சொல்றாங்க" என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத் தலைகால் புரியாமல் போனது அப்போதுதான்.

இதில் ஒரே ஒரு இடம்தான் எனக்குத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. சமையலறை. அந்த ஜன்னல் ஒழுங்காகச் சாத்தாது, தார் ரோட்டின் அனல் அது வழியாகத்தான் உள்ளே வருகிறது என்று அட்டை வைத்து டேப் ஒட்டினேன். மேலே புகை போகிற ஓட்டையில் பழைய துணியைத் திணித்தேன். அடுப்புச் சூடு ஹாலுக்கு வராமலிருக்க, சமைக்கும்போது சமையலறைக் கதவையும் சாத்திக்கொள் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு கதவை ஒன்றாகத் திறக்காதே என்ற பாடம் இருக்கிறதே, அதேதான். அவள் கேட்டாள், கேட்காமலில்லை. "ஏங்க, அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் தொறந்துக்கறேனே" என்று மூன்று நாள் கேட்டாள். பத்து நிமிஷம் திறந்தால் என் காலை உழைப்பு முழுக்கப் பாழ் என்று கத்தினேன். நாலாம் நாள் கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன் பார், என் புத்தியை எதால் அடிப்பது?

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணி இருக்கும். நான் ஹாலில் காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு, கழுத்தில் ஈரத் துண்டோடு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம். எழுந்திருக்கவில்லை, "என்னத்தை உடைச்சே?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன். பதில் இல்லை. அப்புறமும் உடனே எழவில்லை, ஈரக் காலோடு நடந்தால் தரை நனைந்துவிடுமே என்று துடைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தபோது முகத்தில் அனல் அறைந்தது. அவள் தொட்டிக்குக் கீழே சுவரோடு சாய்ந்து கிடந்தாள், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உடம்பு கொதிக்கிறது, ஒரு பொட்டு வேர்வை இல்லை, கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைத் தெரியவில்லை, உன் பெயரைச் சொல்லி ஸ்கூல் பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போய்க் குளியலறையில் போட்டுத் தண்ணீரை ஊற்றினேன், கத்தினேன். பக்கத்து போர்ஷன் தையல்காரம்மா ஓடி வந்து வண்டி பிடித்தார். வீட்டுக்காரரும் வந்தார், அவரும் நானும்தான் படியில் தூக்கி இறக்கினோம். வழியெல்லாம் தையல்காரம்மா ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் மட்டும் இல்லையென்றால் நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். புதன்கிழமை தெளிவாகப் பேச ஆரம்பித்தாள். இனிமேல்தான் எனக்குத் தாங்கமுடியாத இடம் வருகிறது. அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும், நல்ல கோபக்காரி. "ஏம்மா, உங்க சமையலறையில ஜன்னலே இல்லையா?" என்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா சொல்கிறாள், "இருக்கும்மா, பெரிய ஜன்னல். நான்தான் மறதியில தொறக்காம விட்டுட்டேன்." அந்தப் பெண் திட்டித் தீர்த்தது. இந்த வயசில் இவ்வளவு கவனக்குறைவா, காஸ் அடுப்பு எரியும்போது எல்லாவற்றையும் சாத்திக்கொண்டா நிற்பார்கள் என்று. உன் அம்மா தலையாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் ஸ்டூலில் பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வெளியே வந்து ஏன் அப்படிச் சொன்னாய் என்று சண்டை பிடித்தேன், சண்டை பிடிக்க மட்டும் எனக்கு வாய் வருகிறது. "விடுங்க, உங்களுக்குத்தான் சூடு தாங்காதே" என்றாள். பாப்பாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள். கடிதம் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் ஒரு வேலை செய்தேன். அவள் ஹாலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டரைக் கழற்றி சமையலறையில் அடுப்புக்கு எதிரே, அவள் நிற்கிற இடத்தில் தலை உயரத்துக்கு மாட்டினேன். அட்டை, டேப், துணி எல்லாம் அப்படியேதான் இருந்தன. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பானைத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். அவள் தினமும் இரண்டு மணி நேரம் நிற்பாள், நான் இருபது நிமிஷம் நின்றேன். நாற்பத்து நாலு. ஊரிலேயே இல்லாத சூடு பாப்பா, வெளியே ரோட்டில் நின்றிருந்தால்கூட நாற்பதுதான். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஹால், படுக்கையறை, வராந்தா, மொட்டை மாடிகூட இருக்கிறது, பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். அவள் நின்ற அறையை ஒரு நாள்கூட எழுதவில்லை. கிடங்கில் குளிரை உண்டாக்க மெஷின் இருந்தது, அதன் சூட்டை வெளியே தள்ளக் குழாய் இருந்தது. நான் என் ஹாலின் சூட்டை எங்கே தள்ளினேன் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. டேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்தேன். வெளியே வந்தால் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவள் கண் விழித்து, "எங்க போயிட்டு வர்றீங்க, இப்படி வேர்த்திருக்கு?" என்றாள். எங்கும் போகவில்லை என்றேன்.

இப்போது விடியற்காலை ஐந்தரைக்கே சமையல் முடிந்துவிடுகிறது. நான்தான் காய் நறுக்குகிறேன், அது காயா விறகா என்று உன் அம்மா கேட்கிறாள். எலுமிச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு மணிக்கொரு டம்ளர் கொடுக்கிறேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறாள். வீட்டுக்காரர் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து அரைமணி நேரம் வருத்தப்பட்டார், சுண்ணாம்புப் பேச்சை எடுத்ததும் எழுந்து போய்விட்டார். இதிலெல்லாம் எனக்குக் கோபம் இல்லை. இன்று காலை எட்டு மணி அடித்ததும் உன் அம்மா தானாகவே போய் அந்தச் சமையலறை ஜன்னலைச் சாத்தினாள் பார், அதில்தான் கோபம். ஏன் சாத்துகிறாய் என்று கேட்டால், "ஹாலுக்குச் சூடு வந்துடும்ங்க" என்கிறாள். இந்த மனுஷியை என்ன செய்வது? ஜன்னல் கதவுகளையே கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன், இனி யாரும் சாத்த முடியாது.

உனக்கும் ஒன்று சொல்கிறேன். நீ அனுப்புகிற யோசனைகளை எல்லாம் படித்தேன், திரை, ஈரத் துணி, தண்ணீர், எல்லாம் நல்ல யோசனைதான். அடுப்புக்கு முன்னால் நிற்கிறவளைப் பற்றி ஒன்றிலும் ஒரு வரி இல்லை. உங்கள் வீட்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். நீயும் எதையாவது பொறுத்துக்கொண்டு, கேட்பதை நிறுத்திவிடாதே, வாயைத் திறந்து சண்டை போடு. அம்மாவோடு பேசும்போது இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. எழுதும்போது எட்டிப் பார்த்து யாருக்கு என்று கேட்டாள், என் பழைய கம்பெனிக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். பேத்திக்கு என் முத்தம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது ஹாலில் எவ்வளவு என்று என்னிடம் கேட்காதே. அம்மாவிடம் சமையலறையில் எவ்வளவு என்று கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா

இன்று பதினொரு மணிக்கு, ஹாலில் முப்பத்தாறு. சமையலறையில் முப்பத்தாறு.