செல்வராஜுக்கு அடுத்த இடம்

அன்பும் கோபமும் சரிபாதியாகக் கலந்து நான் கூப்பிடும் என் கிரேஸ் அண்ணிக்கு,

கோபம் எதற்கென்று உங்களுக்கே தெரியும். தலைவலி என்று படுத்தீர்கள். மூளைக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னது எங்களுக்குப் புரிவதற்குள் போய்விட்டீர்கள். வார்டில் டியூட்டி முடிந்து கிளம்பும்போது, விடியும்வரை தாங்காத நோயாளியிடம்கூட "வரேம்மா, நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வருவீர்களே. எங்களிடம் மட்டும் ஏன் அதைச் சொல்லவில்லை?

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத மனம் வரவில்லை. அண்ணன் சாதம் வடிக்கப் பழகிவிட்டார். ரசம் இன்னும் கைவரவில்லை. உங்கள் வெள்ளைச் சீருடையை யாருக்கும் கொடுக்க விடமாட்டேன் என்கிறார். நானும் வற்புறுத்தவில்லை.

இந்தக் கடிதம் செல்வராஜ் அண்ணனைப் பற்றி. ஹெப்பாள் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவருக்கு எய்ட்ஸ் என்ற செய்தி எப்படியோ வெளியே கசிந்து, கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியானது. அடுத்து நம் சர்ச்சில் காலியானது. திருவிருந்து ஞாயிறுகளில், ஆல்டருக்கு முன்னால் அவருக்கு முன்பே முழங்கால் போட்டுவிட வேண்டும் என்று ஜனங்கள் அவசரப்பட்டதை மறக்க முடியுமா? திராட்சரசம் எல்லோருக்கும் ஒரே கிண்ணத்தில், அது அவர் வாயில் பட்ட பிறகு நம் வாய்க்கு வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். யாரும் யாரையும் தள்ளவில்லை. மரியாதையாகவே அவரைக் கடைசி ஆளாக்கினோம். அண்ணனும் நானும் முதல் வரிசையில்தான் இருந்தோம்.

நீங்கள் எப்போதும்போல் தாமதமாக, டியூட்டி முடிந்து டெட்டால் வாசனையோடு ஓடி வந்தீர்கள். அவருக்கு வலப்பக்கம் போய் முழங்கால் போட்டீர்கள். கிண்ணம் இடமிருந்து வலமாக வரும் என்று தெரியாதவரா நீங்கள்? அடுத்த மாதமும் தாமதம். அதற்கடுத்த மாதமும். உங்களுக்கு ஞாயிறு டியூட்டியே இல்லாத மாதத்திலும் கடைசி ஆளாக நீங்கள் வந்தபோதுதான், இது தாமதம் இல்லை என்று எனக்கு உறைத்தது.

கமிட்டியில் சின்னச் சின்ன கிளாஸ் வாங்கலாம், சுகாதாரம் என்று பேச்சு எழுந்த நாளை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. "ஆளுக்கொரு சின்ன கிளாஸ்ல நான் வார்டுல தினமும் குடுக்கறேன் சார். அதுக்குப் பேரு மருந்து. இதை நாம விருந்துன்னுல்ல சொல்லிக்கிறோம்" என்றீர்கள். காபி வந்தது, பேச்சு மாறியது.

அன்று வீட்டுக்கு வந்ததும் உங்களுக்குப் பயமே இல்லையா என்று கேட்டேன். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றியபடி சொன்னீர்கள்: "இருக்கு சுகுணா. கிண்ணத்துல இது ஒட்டாதுன்னு நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறேன். ஆனாலும் முழங்கால் போடறப்ப எழுந்து ஓடிடலாமான்னு தோணத்தான் செய்யுது. அதுக்காக அந்த மனுஷனைத் தனியா விட முடியுமா?"

பயப்படாதவர் என்று நினைத்து உங்களை வியந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து வியப்பு இரண்டு மடங்கானது.

ஞாயிறு பள்ளியில் 'பரிசுத்தவான்களின் ஐக்கியம்' என்ற பாடத்தை நடத்துகிறவள் நான். செத்தவர்களும் இருக்கிறவர்களும் ஒரே குடும்பம் என்று பிள்ளைகளுக்கு அழகாக விளக்குவேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு சபை என்றால் இந்த ஊரில் நமக்குக் கிடைக்கும் ஒரு தமிழ் மணி நேரம்தான். கன்னட ஆராதனைக்காரர்கள் வாசலில் காத்திருக்க, அவசரமாகப் பாடி முடிக்கும் நம் பாட்டு, நம் பேச்சு, நம் ஜனம். செல்வராஜ் அண்ணனும் அதே பாட்டைத்தானே பாடினார்? அப்புறம் ஏன் அவர் தனியாக இருந்தார்? பாஷை ஒன்றானால் போதாது என்பதை நீங்கள் பிரசங்கம் பண்ணிச் சொல்லவில்லை. போய் முழங்கால் போட்டீர்கள்.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம். நீங்கள் போன பிறகு ஒரு பேச்சு கிளம்பியது. "அந்தக் கிண்ணத்துலதான் ஒட்டிக்கிச்சாம்" என்று, உங்கள் அடக்கத்துக்கு வந்து அழுதவர்களே பேசினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் டாக்டரின் சீட்டை சர்ச் வாசலில் ஒட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்தப் பேச்சு செல்வராஜ் அண்ணன் காதிலும் விழுந்துவிட்டது. போன திருவிருந்தில் அவர் பின் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆயர் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துடைத்து மூடி வைத்துவிட்டார்.

இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். மிகவும் இளைத்துவிட்டார். ஏன் அண்ணா வரவில்லை என்று கேட்டேன்.

"வந்து என்ன டீச்சர் பண்றது? சிஸ்டர் இருந்தாங்க, வந்தேன். இப்ப எனக்கப்புறம் யாரு குடிப்பாங்க?"

"நான் இருக்கேன்ணா."

"சும்னே சொல்லாதீங்க டீச்சர்" என்றார், கன்னடமும் தமிழுமாக. வெறும் பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

நாளைக்குத் திருவிருந்து ஞாயிறு. நேற்றே மறுபடி போய், அழைத்துப்போக வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார். இப்போதே எனக்கும் ஓடிவிடலாமா என்றிருக்கிறது அண்ணி. நீங்களும் இதைத் தாங்கிக்கொண்டுதான் போனீர்கள் என்பது ஒன்றுதான் தைரியம். நான் கூப்பிடாமலே இன்னொன்றும் நடந்தது. அண்ணன் மாலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்கு நானும் உங்கூட கடைசியா வரேன். உனக்கு அடுத்து நான்." நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆக, செல்வராஜ் அண்ணனுக்கு அடுத்து நான், எனக்கு அடுத்து அண்ணன். கடைசி ஆளுக்கு அந்தப் பக்கம் சுவர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அங்கே நீங்கள் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் நாளைக்கு முழங்கால் போடப்போகிறேன். செல்வராஜ் அண்ணன் இருக்கும்வரை அவருக்கு அடுத்த இடம் காலியாகாது. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

வரேன் அண்ணி, நாளைக்குப் பார்ப்போம்.

உங்கள் இடத்தில் முழங்கால் போடும்
உங்கள் நாத்தனார்,
சுகுணா
மைசூர்