கருணை அடிப்படையில்

அப்பா,

மேசை டிராயரை இழுத்தால் இன்னும் உங்கள் தலைவலித் தைலத்தின் வாசம் வருகிறது. துடைத்தேன், உள்ளே விரித்த காகிதத்தை மாற்றினேன், போகவில்லை. இன்று காலை, பல வருடங்களுக்குப் பிறகு கண்டனூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "சார் லீவா?" என்று கேட்டார். நீங்கள் இல்லாதது அவருக்குத் தெரியவில்லை. சொன்னேன். "அப்ப மெட்ராஸுக்கு வேலைக்குப் போற பிள்ளைன்னு சார் சொல்லுவாகளே, அது நீதானா?" என்றார். ஆமாம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை.

ஒன்றிய அலுவலகத்துக்கு வந்துபோன யாரிடம்தான் நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள்!

காரைக்குடிக் கல்லூரியில் எனக்கு அப்போது கடைசி வருடம். கேம்பஸ் இன்டர்வியூ வருகிறது என்றதும் என்னைவிட உங்களுக்குத்தான் பரபரப்பு. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்வீர்கள். நான் அடுப்படியில் நின்று கதவைத் தட்டி, அனுமதி கேட்டு வரவேண்டும். "இங்குட்டும் அங்குட்டும் என்ன நடை? குழம்பு கொதிக்குது" என்று அம்மா சத்தம் போடுவாள். "கம்பெனி அதிகாரிகிட்ட இப்புடித்தான் பேசுறதா?" என்று நீங்கள் விறைப்பாகக் கேட்க, மூவரும் சிரித்துவிடுவோம்.

என்னைப் பற்றிச் சொல்லச் சொல்வீர்கள். நான் "மை ஃபாதர் இஸ்..." என்று ஆரம்பிப்பேன். கையைக் காட்டி நிறுத்துவீர்கள். "அப்பன விடு ஆத்தா. அவுக வேலைக்கு எடுக்கப்போறது ஒன்னைய."

ஒருநாள் விளையாட்டில்லாமலும் சொன்னீர்கள்: "என்னைய மாதிரி மாட்டிக்கிறாத. இதுக்குள்ள வாரது கஷ்டம்னு எல்லாரும் சொல்லுவாக. வெளிய போறது அதவிடக் கஷ்டம்."

எனக்கு வேலை கிடைத்தது. ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தீர்கள். கடைசிப் பரீட்சைக்கு முன்னால், ஒரு மத்தியானம், இதே மேசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

காரியம் முடிந்ததும் சித்தப்பா என்னை உட்காரவைத்துப் பேசினார். "அண்ணன் வேலை கருணை அடிப்படையில வீட்டுக்கு வரும்த்தா. நீ கம்பெனியில சேந்துட்டா, குடும்பத்துல சம்பாதிக்க ஆள் இருக்குன்னு தள்ளிருவாக." அவர் கெட்டவர் இல்லை, அப்பா. சொன்னதும் பொய் இல்லை. தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கம்பெனிக்குப் போன் செய்து, வரவில்லை என்றேன். எதிர்முனையில் இருந்த பெண் காரணம்கூடக் கேட்கவில்லை.

அதன்பிறகு வருடக்கணக்காகக் காத்திருந்தேன். வருமானம் இல்லை என்று காட்டுவதற்காகவே வருமானம் இல்லாமல் இருந்தேன். என்னோடு தேர்வானவர்கள் ரயிலேறிப் போனார்கள். நான் ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கினேன். கொடுத்த மனுக்கள் எல்லாமே 'என் தந்தை' என்றுதான் ஆரம்பித்தன.

உத்தரவு வந்தது. உங்கள் பிரிவிலேயே இடம் காலியானபோது, இந்த மேசையையும் கொடுத்தார்கள். "கொடுத்துவச்ச பிள்ளை" என்கிறார்கள். காற்றில்லாத அறையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்று யாரிடம் சொல்வேன்? உங்களைத் தெரிந்த ஒவ்வொருவரும் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள், அன்பாகத்தான்.

இப்போது தம்பி கல்லூரியில் கடைசி வருடம். கேம்பஸில் வேலை வாங்கிவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். "அவன் சம்பாதிக்கப் போறானே. நான் இதை விட்டுட்டு மெட்ராஸ்ல தேடிப் பாக்கவாம்மா?"

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவுக இருந்தா போன்னுதான் சொல்லியிருப்பாக" என்றாள். நான் எழுந்துவிட்டேன். அப்புறம்தான் சொன்னாள்: "ஆனா இது அவுக உசுரக் குடுத்துக் கெடச்ச வேலைடி. எப்புடி விடுவ?"

உங்களை நினைத்தால் அழுகைக்கு முன்னால் கோபம் வருகிறது. அவ்வளவு ஆசை காட்டிவிட்டு இப்படிப் போய்விட்டீர்களே என்று.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது இந்த வேலை மட்டும்தான் என்று ஊர் நினைக்கிறது. போகவேண்டும் என்ற தவிப்பும் நீங்கள் கொடுத்ததுதான். அதற்கு யாரும் உத்தரவு போடவில்லை. ரத்து செய்ய என்னாலும் முடியவில்லை.

உங்கள் மகள்