இரவல் சீட்டில் ஒரு காலி இடம்

அன்புள்ள குட்டிமாவுக்கு,

வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய், மன்னித்துக்கொள், சொல்ல வேண்டியதை விட்டுவிட்டுப் போனில் வேறெதையோ பேசி வைத்துவிடுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், நீயும் அங்கே உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் முழங்காலில் நின்று கேட்கிறோம். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, அதைத் தேட இன்னொரு கண்ணாடி வேண்டுமாம். நீ ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே, காலையில் இரண்டு வாயாவது சாப்பிட்டுவிட்டுப் போ.

போன மாதம் கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள். நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளின் இரவல் புத்தக அலமாரியை நகர்த்த வேண்டியிருந்தது, எல்லாவற்றையும் பெஞ்சில் அடுக்கித் துடைக்க ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையே விட்டேன். புதிதாக ஒருத்தி வருகிறாள், எட்டு வயது, ஓயாமல் கேள்வி கேட்பதால் வக்கீலம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் கீழ்த்தட்டில் பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியிலிருந்து ஒரு பச்சை அட்டை நோட்டை இழுத்தாள். எந்த நோட்டு என்று உனக்குத் தெரிந்திருக்கும். பதினாலு வருஷம் ஆகிறது. அன்றைக்கு எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துப் பாட, நீ மட்டும் அதே ராகத்தில் நோட்டைப் பார்த்து நீயே எழுதிய வார்த்தைகளைப் பாடினாய், பிள்ளைகள் சிரித்தார்கள், சபை மூப்பர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார், எனக்குக் காது சூடாகிவிட்டது. நம் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான், படித்த பெண் என்றுதான் அலமாரிச் சாவியை என்னிடம் தந்தார்கள், சொந்தப் பிள்ளையையே அடக்கத் தெரியாதவள் என்று திரும்ப வாங்கிவிடுவார்களோ என்று பயம். அச்சுல இருக்குறதுதான் பாட்டு, இது வெறும் கிறுக்கல் என்று எல்லோர் முன்னாலும் சொல்லி நோட்டைப் பிடுங்கிப் பூட்டினேன். நீ மூன்று ஞாயிறு கேட்டாய், நாலாவது ஞாயிறு கேட்கவில்லை, மறந்துவிட்டாய் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ கோயிலில் வாயை மட்டும் அசைப்பாய், சத்தம் வராது, பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியாதா.

வக்கீலம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள், மேசைக்கடியில் ஒளிஞ்சாலும் என் செருப்பைப் பார்த்து வந்திடுவார் என்று. இயேசப்பா போலீஸ் மாதிரிடா என்று ஒரு வாண்டு கத்த, பெஞ்சே குலுங்கியது. அடுத்த ஞாயிறு அத்தனை பேருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். பாஸ்டர் ஐயாவே வந்து, பிள்ளைங்க இப்படித் தொண்டை கிழியப் பாடி நான் கேட்டதில்லையேம்மா, யார் எழுதினது என்று கேட்டார். தெரியலைங்க ஐயா, ஏதோ பழைய நோட்டு என்று கோயிலுக்குள்ளேயே நின்று பொய் சொன்னேன்.

ஆனால் பிள்ளைகள் நோட்டை வீட்டுக்குக் கேட்டார்கள், எந்தப் புத்தகமானாலும் பின்னட்டையில் இரவல் சீட்டு ஒட்டித்தானே வீட்டுக்குக் கொடுப்போம். வக்கீலம்மா தானே சீட்டு ஒட்டி, பெயர் பச்சை நோட்டு என்று எழுதி, எழுதியவர் என்ற இடத்தைக் காலியாக விட்டு என்னிடம் நீட்டினாள். இது எழுதாம எப்படி டீச்சர் குடுக்கிறது, நீங்கதானே சொல்லித் தந்தீங்க என்றாள். என் மக எழுதினது, நான்தான் பிடுங்கி வச்சுட்டேன் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவங்க திருப்பிக் கேக்கலையா என்றாள். மூணு ஞாயிறு கேட்டா என்றேன். அப்புறம் ஏன் குடுக்கல என்றாள். நான் பசை டப்பாவையே மூடிக்கொண்டிருந்தேன். அப்ப இது கோயில் புக்கு இல்ல, அவங்ககிட்ட கேட்டுத்தான் எடுக்கணும் என்று நோட்டை என் கைப்பைக்குள் வைத்துவிட்டாள். மறுநாளே பாஸ்டர் ஐயாவிடமும் போய் உண்மையைச் சொன்னேன்.

நீ போகும் வழியெல்லாம் ஆண்டவர் உனக்கு முன்னால் நடக்கட்டும். பல்வலிக்கு டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. நோட்டு இன்னும் என் பைக்குள்தான் இருக்கிறது, அனுப்பு என்று சொன்னால் மறுநாளே தபாலில் போட்டுவிடுவேன், ஏன் என்று கேட்கமாட்டேன். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் கேட்கிறேன். ஒன்பது பிள்ளைகள் வரிசையில் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு வாரம். அந்தக் காலி இடத்தில் உன் பெயரை எழுதி, உன் நோட்டை எங்களுக்கு இரவல் தருவாயா கண்ணு?

உன் அம்மா