சேராத ரத்தம்

5.2.1986
வெங்காயக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் வைத்தேன். இவர் இன்றும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. முகமெல்லாம் வீக்கம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, யாராவது ஒன்று கொடுத்தால்தான் பிழைப்பார் என்று சேலம் டாக்டர் சொல்லிவிட்டார். நான் தருகிறேன் என்றேன். கட்டியவள் எதற்கு இருக்கிறேன்?

11.2.1986
எனக்கு பி குரூப், இவருக்கு ஓ. என்னுடையதை வைத்தால் இவர் உடம்பே அதை எதிர்த்து அழித்துவிடுமாம். “நாங்க ஒரே ரத்தமுங்க, இவிய என் சொந்த அத்தை மவன்தானுங்க” என்று கெஞ்சினேன். சொந்தம் வேறு, குரூப் வேறு என்கிறார் டாக்டர். அத்தைக்கு ஓதான். ஆனால் சர்க்கரை வியாதி. அதுவும் ஆகாது.

12.2.1986
பயமாக இருக்கிறது.

17.2.1986
இவர் தங்கை நல்லம்மாளுக்கு ஓ! மற்ற பரிசோதனைகளும் ஒத்துப்போகின்றன. ஆனால் ஆட்டையாம்பட்டியில் அவள் மாமியார் வீட்டார் பூ கேட்டுத்தான் அனுப்புவார்களாம். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியே இலையில் மடித்து, அவர்கள் குலதெய்வத்தின் முன் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை என்றால் சம்மதம். யாரைத் திட்டுவது? பிள்ளைக்குக் காது குத்த நானும் பூ கேட்டவள்தானே.

21.2.1986
சிவப்பு.

22.2.1986
சொல்லாமலே தெரிந்துகொண்டார். “நல்லாளை ஒண்ணும் சொல்லாதே வசந்தா. அதுக்கும் ரெண்டு கொளந்தைங்க இருக்குது” என்றார். மூச்சு வாங்குகிறது. ஐயோ, போயிருவாரா? நான் என்ன பண்ணுவேன்?

24.2.1986
காலையில் நல்லம்மாள் பையோடு வந்து நின்றாள். அண்ணன் பெண்டாட்டி என்று என்னை எப்போதும் நங்கை என்றுதான் கூப்பிடுவாள்.
“அது அவிய ஊட்டுச் சாமி சொன்னதுங்க நங்கை. அண்ணனும் நானும் பொறந்தது நம்மூட்டுச் சாமிக்கு.”
“நம்ம சாமிகிட்டப் பூக் கேட்டியா?”
“கேக்கலீங்க. அங்கயும் செவப்பு வந்துட்டா என்ன பண்றது?”
சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கட்டிக்கொண்டு அழுதோம்.

19.3.1986, மெட்ராஸ்
இருவரையும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஒரே நாளில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் — எழுத முடியவில்லை.

20.3.1986
இவருக்குச் சிறுநீர் இறங்குகிறது! நல்லம்மாள் கண் விழித்ததும் முதலில் கேட்டது: “அண்ணன் ஒண்ணுக்குப் போச்சுங்களா?” நர்ஸ் சிரித்துவிட்டாள். நான்தான் அழுதேன்.

30.3.1986
பசிக்கிறது என்கிறார். எத்தனை மாதமாயிற்று இந்த வார்த்தையைக் கேட்டு!
நல்லம்மாள் எழுந்து நடக்கிறாள். ஆட்டையாம்பட்டியிலிருந்து இன்றும் யாரும் வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறாள். நம் எருமப்பட்டிக்கே வந்துவிடு என்றேன்.
“கொளந்தைங்களெ உடுவாங்களாங்க நங்கை?”
அவளுக்குத் தலை வாரிவிட்டேன்.