கையுறை போட்டு டிரில் பிடிக்காதே

மேல் டிவிசன்,
லிந்துலை.
ஆடி மாதம், 1964.

அன்பு மருமகன் முத்துலிங்கத்துக்கு, உன் தாய்மாமன் சோலைமலை இருக்க இருப்புக் கொள்ளாமல் எழுதிக்கொண்டது. இங்கே உன் அம்மா, நான், உன் அத்தை பூரணி எல்லாரும் மாரியாத்தா புண்ணியத்தில் மழையில் நனைந்துகொண்டே சுகமாக இருக்கிறோம். அங்கே திருகோணமலையில் நீயும், முக்கியமாக உன் வலது கையும் சுகமாக இருக்க வேண்டும் என்று அவளையே கும்பிட்டுக் கேட்கிறேன்.

கையை ஏன் தனியாகக் கேட்கிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை லொறி டிரைவர் யேசுரட்ணம் லயத்துக்கு வந்திருந்தான். நாலு சனம் கூடி நிற்கிற வாசலில் நின்றுகொண்டு, துறைமுகப் பட்டறை கேட்டில் முத்துலிங்கத்தைக் கண்டேன், லொறி நிக்கல, கை காட்டினான், வலது கையில வெள்ளையா என்னமோ சுத்தியிருந்துச்சு என்று உன் அம்மா காதுபட உளறிவிட்டான். அக்காவுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. நான் விடுவேனா. அட அது கட்டு இல்லக்கா, கைமேசு, பெரிய பட்டறையில நல்ல வேலைக்காரனுக்கு மட்டும் துரை கையால வெள்ளைக் கையுறை குடுப்பாரு, முழு துறைமுகத்துக்கும் மூணு பேருக்குத்தான் குடுத்திருக்காங்க என்று வாய்க்கு வந்ததை ஒரே போடாகப் போட்டேன். அக்கா அப்போதுதான் மூச்சு விட்டாள். பக்கத்துக் காம்பரா ஆண்டியப்பனுக்கு வாய் சும்மா இருக்குமா, அப்ப சோறு திங்கையில கழட்டுவானா, இல்ல துரை மாதிரி கரண்டியா என்று கேட்டான். கரண்டிதான்டா, உன்னை மாதிரி முழங்கை வரைக்கும் வழிய விடமாட்டான் என் மருமகன் என்றேன். இப்போது கொழுந்து மலை முழுக்க உன் கையுறைப் பேச்சுதான். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில், மலைக்கே மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையாவே என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் கொஞ்சமாகத்தான் கேட்டார், நான் நிறையச் சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீ கொடுத்துவிட்டுப் போன டிரில்லைப் பற்றியும் எழுத வேண்டும். கப்பல் இஞ்சினியர் துரை உனக்குப் பரிசாகக் கொடுத்ததை நீ மாமனுக்குக் கொடுத்தாய், அந்த மனசு யாருக்கு வரும். கரண்ட் கம்பியே இல்லாமல் சுற்றுகிற டிரில் இலங்கையிலேயே என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது என்று ஹட்டன் கடைத்தெருவில் சொன்னேன், ஒருவனாவது மறுக்கட்டுமே. லிந்துலையிலிருந்து திம்புள்ள வரைக்கும் கதவு, ஜன்னல், கோவில் மணிக் கட்டை எல்லாவற்றிலும் இந்தக் கை போட்ட ஓட்டைதான். லயத்தில் கரண்ட் இல்லையே, தேயிலை ஸ்டோரில் இஞ்சின் பார்க்கிற அழகுமுத்துவைத் தாஜா செய்து அங்கேதான் சார்ஜ் ஏற்றுகிறேன். சார்ஜ் பெட்டி சூடேறும், அதைச் சாக்குமேல் வைக்கக் கூடாது, தேயிலைத் தூசு காற்றுத் துவாரத்தில் அடைத்தால் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும், மழை ஈரம் படவே கூடாது, இதெல்லாம் நீ சொன்னதுதான். இப்போது நான் கண்டுபிடித்தது மாதிரி அழகுமுத்துவுக்கே பாடம் நடத்துகிறேன்.

ஆனால் மருமகனே, புதன்கிழமை நடந்ததைக் கேள். உன் அம்மா காம்பராக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். குளிருக்குக் கழுத்தில் கம்பளி மப்ளர். குனிந்தேன், மப்ளர் நுனி சுற்றுகிற டிரில் பிட்டில் பட்டது, அவ்வளவுதான், யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி என் முகத்தைக் கதவில் கொண்டுபோய் இடித்தது. வேறு ஒருவன் என்றால் கழுத்து நெரிந்து அங்கேயே போயிருப்பான். மாமன் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தேன், நின்றது. மூக்கில் கொஞ்சம் தோல் போனது, வீரம் போகவில்லை. அதற்குப் பிறகு பிட்டைக் கழற்றிப் பார்த்தால் கம்பளி இறுக்கிச் சுற்றிக் கயிறு மாதிரி இருக்கிறது, கத்தியால் அறுத்துத்தான் எடுத்தேன். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான் பட்டறையில் டிரில் பிடிக்கிற உன் கை நினைவுக்கு வந்தது. மப்ளருக்குள் கழுத்து இருந்தது. கையுறைக்குள் விரல் அல்லவா இருக்கும்.

அன்று சாயங்காலமே உன் அம்மா சிரித்துக்கொண்டு வருகிறாள், கையில் ஒரு பொட்டலம். இசபெல் டீச்சரிடம் கெஞ்சி வெள்ளைக் கம்பளி நூலில் ஒரு சோடி கையுறை பின்னி வாங்கியிருக்கிறாள். துரை குடுத்தது அழுக்கா இருக்கும்டா தம்பி, புள்ள மாத்திப் போட்டுக்கட்டும், படம் புடிச்சு அனுப்பச் சொல்லு என்கிறாள். உன் அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இனிமேல் போய் அக்காவிடம் அது கையுறை இல்லை என்று எந்த வாயால் சொல்வேன். அந்தப் பொட்டலம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. கோவிலுக்குப் போட்டுக்கொள், சினிமாவுக்குப் போட்டுக்கொள், பட்டறைக்குள் மட்டும் போடாதே. டிரில் பிடிக்கிற கையில் துணி, நூல், தொங்குகிற சட்டைக் கை எதுவும் ஆகாது. துளை போடுகிற சாமானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் டிரில்லை அழுத்தாதே, கிடுக்கியில் இறுக்கு. சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு பிட் மாற்றாதே. இரும்புத் தூளைக் கையால் தள்ளாதே. உனக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் தபால்காரன் வருகிறானா என்று நாலு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன்.

இப்போது மாமன் சொல்கிறபடி செய். ஸ்டூடியோவுக்குப் போய் இரண்டு படம் எடு. ஒன்று உன் அம்மாவுக்கு, அந்த வெள்ளைக் கையுறை போட்டு நெஞ்சை நிமிர்த்தி, மூன்று பேரில் ஒருவன் மாதிரி நில். அதை வீட்டுக்கு அனுப்பு. மற்றது எனக்கு, கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார். அதை அழகுமுத்து பேருக்கு ஸ்டோருக்கு அனுப்பு, அவன் வாய் திறக்கமாட்டான். விரல் ஒன்று குறைந்திருந்தாலும் மறைக்காதே ராசா. இசபெல் டீச்சரிடம் சொல்லி அந்த விரலில் மட்டும் பஞ்சு வைத்துத் தைத்து வேறொரு சோடி அனுப்புகிறேன், நீ ஊருக்கு வந்து போகிற வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது, கதைக்கு நான் இருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிய வேண்டும். எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

மாரியாத்தா உன் பத்து விரலுக்கும் காவல் இருப்பாள். உன் அம்மாவும் அத்தையும் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். பதிலை வேறு யாரிடமும் சொல்லி எழுத வைக்காதே, கோணல்மாணலாக இருந்தாலும் உன் கையாலேயே எழுது.

அந்தக் கையெழுத்துக்குக் காத்திருக்கும்
தாய்மாமன்
சோலைமலை